ஆணி பிடுங்கிய மரமும் பிடுங்காத மரமும்

எங்கள் ரோட்டு மரத்தில் முதல் ஆணியை அடித்தவள் நானில்லை. ஆனால் இருந்ததிலேயே பெரிய ஆணியை அடித்தவள் நான்தான். உத்திரமேரூரில் சர்க்கார் ஆபீஸ்கள் இருக்கிற ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்த புதிதில், கடைக்கு நேர் எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு தகரப் பலகையை மாட்டினேன். ‘ஜெராக்ஸ், லேமினேஷன், மனு டைப் செய்து தரப்படும்.’ நாலு அங்குல ஆணி, இரண்டு. ஸ்டூலின் மேல் ஏறி நின்று நானே அடித்தேன். மரத்துக்கு வலிக்குமே என்றெல்லாம் அன்றைக்கு ஒரு யோசனையும் கிடையாது. கடைக்கு ஆள் வரவில்லையே என்கிற வலிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மரத்தடியில் கூழ் விற்கிற ஓர் அக்கா உண்டு. பல வருடம் நடவுக்கும் களைக்கும் போனவர். முழங்கால் தேய்ந்து சேற்றில் இறங்க முடியாமல் போன பிறகு, காலையில் இரண்டு குண்டான் கூழோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்க ஆரம்பித்தார். மனு கொடுக்க வந்து காத்திருக்கிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. பட்டா மாற்ற வந்தவர்கள், முதியோர் பென்ஷனுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள். ஆபீஸ் உள்ளே நிற்க இடம் கிடையாது, வெளியே நிற்க அந்த ஒரு மரம்தான். வெயிலில் வைத்தால் பதினோரு மணிக்கே கூழ் புளித்துப் பொங்கிப் போகும். வேறு இடத்தில் குண்டானை இறக்கினால் கடைக்காரர்கள் விரட்டுவார்கள். மரம் போனால் அக்காவின் பிழைப்பும் அதோடு போனது, அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு மரம் மட்டை என்று பெரிய பாசமெல்லாம் இருந்ததில்லை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கன்று நடுகிற எட்டுப் பேர் கொண்ட ஒரு கும்பல் இருந்தது. தலைவர் என்று யாரும் கிடையாது, ஆனால் எல்லோரும் ஒரு ரிட்டயர்டு லைன்மேன் சொல்வதைக் கேட்பார்கள். கரண்ட் கம்பியில் மோதுகிற கிளைகளை வெட்டியே அவருடைய சர்வீஸ் கழிந்தது. கம்பிக்குக் கீழே ஒரு கன்று வைக்க விடமாட்டார். “வெச்சிட்டு பத்து வருசம் கயிச்சி எவனாவது என்ன மாதிரி ஒருத்தன் வந்து தலைய வெட்டுவான். அதுக்கு இன்னாத்துக்கு வெக்கணும்?” என்பார்.

அவர்கள் என் கடைக்குப் பக்கத்தில் ஒரு புங்கன் கன்றை நட்டுவிட்டு, தினம் ஒரு குடம் ஊற்றச் சொன்னார்கள். யாரைக் கேட்டு நட்டீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். சண்டை போட்டுவிட்டு, தண்ணீரும் ஊற்றினேன். ஒரு கோடை முழுக்க ஊற்றி, அது என் இடுப்புயரம் வந்தபோது ஒரு மாடு வந்து மொட்டையாகக் கடித்துவிட்டுப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மாட்டுக்காரர் வீடு வரைக்கும் போய் வாசலில் நின்று கத்தினேன். அதைக் கேள்விப்பட்ட லைன்மேன் அண்ணன் மறுநாள் கடைக்கு வந்து, “நீ எங்க ஆளும்மா. ஞாயித்துக்கியம வந்துடு” என்றார். அப்படித்தான் சேர்ந்தேன்.

நட்டதில் பாதி காய்ந்தது, மீதியில் பாதியை ஆடு தின்றது. நிற்கிற மரங்களையாவது பார்ப்போம் என்று ஒருநாள் பேச்சு வந்தது. மரங்களில் அடித்திருக்கிற ஆணிகளைப் பிடுங்குவது என்று முடிவானது. என் ஆணியும் அதில் ஒன்று என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். பழைய நெல் குடோன் பக்கத்து வளைவில் நின்ற இன்னொரு தூங்குமூஞ்சியில் ஆரம்பித்தோம். குறடு, சுத்தியல், ஒரு சின்னக் கடப்பாரை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. டியூஷன் பலகை, வீட்டுமனை பலகை, மூல வைத்தியம், கல்யாண பேனர் கட்டிய கம்பி, யாரோ எதற்கோ அடித்து மறந்த லாடம் வரை வந்தது. ஓர் எண்ணெய் டின் நிறைந்துவிட்டது. ஓட்டைகளில் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினோம். மரத்தடியில் டின்னை வைத்து எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அந்தப் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். எழுத்து வேலை என்றால் என்னிடம்தானே வருவார்கள். ‘உத்திரமேரூரில் இனி ஒரு ஆணி கூட இல்லாத மரம் இது’ என்று எழுதி, எந்த இடம் என்பதையும் சேர்த்து, எல்லா குரூப்புக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கை தட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. எனக்கும் கொஞ்சம் தலைக்கேறத்தான் செய்தது.

அடுத்து ரோட்டை அகலப்படுத்தி மழைநீர்க் கால்வாய் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மரங்களில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். வளைவு மரத்துக்கு ஒரு நம்பர், கூழ்க்கார அக்காவின் மரத்துக்கு ஒரு நம்பர். வழியில் நிற்கிற மரத்தை ஏலம் விட்டு, எடுத்தவர் வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டுத் தருவோம் என்றார்கள். பத்துக் கன்றும் சேர்ந்து ஒரு நாய்க்குக்கூட நிழல் தராது.

முதலில் வளைவு மரத்துக்கு ஏலம். அன்று காலை ஒரு வெளியூர் மரவாடிக்காரர் என் கடைக்கு வந்து ஆதார் அட்டையை நீட்டி இரண்டு காப்பி கேட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். மெஷின் சூடாகிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

“ரோட்டோர மரம்னா நாங்க தொடவே மாட்டோம்மா,” என்றார். “உள்ள ஆணி இருக்கும். ரம்பத்துல மாட்டுச்சின்னா பிளேடு தெறிச்சிக்கும், ஆளுக்கும் ஆபத்து. ஆனா இந்த மரம் சுத்தமாம். யாரோ ஒரு ஆணி வுடாம புடுங்கி போட்டோ போட்டு கீறாங்க. அத்த பாத்துத்தான் வந்தேன்.”

போனை எடுத்து எனக்கே காட்டினார். நான் எழுதிய வாசகம். இரண்டு காப்பியையும் அவரிடம் கொடுத்தேன். வேறென்ன செய்ய, காப்பி கொடுப்பதுதானே என் தொழில். அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மரம் இரண்டே நாளில் போய்விட்டது. வளைவில் திடீரென்று வானம் தெரிந்தது, அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. விஷயம் ஊருக்குள் பரவ அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாம் நாள் எனக்கு ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து வைத்த அக்கா நேராகவே கேட்டார்.

“இன்னா ஜெராக்ஸம்மா, நீங்கோ ஆணிய புடுங்கிட்டீங்கோ, மரமே பூட்ச்சாமே?”

“அப்படியெல்லாம் இல்லக்கா. எப்படி இருந்தாலும் வெட்டித்தான் இருப்பாங்க.”

“மரவாடிக்காரன் சொல்லிக்கினு கீறான். நீ இன்னாத்துக்கு பொய் சொல்ற?”

அக்கா சொம்பைக்கூட எடுக்காமல் திரும்பினார். படியில் இறங்கும்போது நின்று, “எங்க மரத்தாண்ட குறடு எடுத்துக்கினு எவனும் வரக் கூடாது, சொல்ட்டேன்” என்றார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கும்பலுக்குள் பெரிய சண்டை. அக்காவின் மரத்தை ஆணியோடு விட்டுவைப்பது கொடுமை என்று சிலர் சொன்னார்கள். வளைவு மரத்தைக் கொடுமை இல்லாமல் அனுப்பிவைத்தோமே, அது போதாதா என்று நான் கத்தினேன். “ஆணியோட நிக்கிற மரம் நிக்கிது. ஆணி இல்லாத மரம் பலகையா பூட்ச்சி. இதுல இன்னா யோசிக்கக் கீது?” என்று லைன்மேன் அண்ணன் முடித்துவைத்தார். நான் அப்போதுதான், அந்த மரத்தில் இருக்கிற பெரிய ஆணி என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் மரத்துக்கு ஏலம் வந்தது. அதே மரவாடிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து மரத்தைச் சுற்றினார்கள். என் பலகை எப்போதோ காற்றில் போயிருந்தது. பட்டை இரண்டு ஆணியையும் முழுதாக விழுங்கி, வெளியே முடிச்சு மட்டும் தெரிந்தது. அவர் கத்தியால் அங்கே கீறிப் பார்த்தார். பக்கத்தில் கீறினார், இன்னும் கொஞ்சம் மேலே கீறினார். “இது மரமா, இரும்புக் கடையா?” என்று சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். யாரும் விலை கேட்கவில்லை. ஏலம் தள்ளிப்போனது. அக்கா அவருக்கு ஒரு சொம்பு நிறையக் கூழ் ஊற்றி, தொட்டுக்க இரண்டு மோர் மிளகாயும் வைத்து, காசு வேண்டாம் என்றார். மனிதர் ஒன்றும் புரியாமல் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தடவையும் யாரும் வரவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஏலத்துக்கு மதிப்பைக் குறைத்து நோட்டீஸ் போட்டார்கள். அந்த நோட்டீஸின் நகல் எடுக்க வந்தவர் ஒரு செங்கல் சூளைக்கு விறகு பிடித்துத் தருகிறவர். சூளைக்கு ரம்பம் எதற்கு, துண்டாக்கி உள்ளே தள்ளினால் ஆணியோடு சேர்ந்து எரியும். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆணியை நம்பி உட்கார்ந்திருந்தது எவ்வளவு பெரிய சோம்பேறித்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளே லைன்மேன் அண்ணனையும் ஒரு அளவு டேப்பையும் இழுத்துக்கொண்டு இன்ஜினியரைப் பார்க்கப் போனேன்.

இன்ஜினியர் எரிந்து விழுகிற ஆளில்லை. களைத்துப் போன ஆள். நான் டைப் அடித்துக் கொண்டுபோன மூன்று பக்க மனுவை முழுதும் படித்தார். பிறகு மேஜையில் வரைபடத்தை விரித்தார்.

“மரத்தை விட்டுட்டுப் போகலாம்மா. ரோடு எதிர்ப்பக்கம் நாலு அடி தள்ளணும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பக்கம் மூணு கடை இருக்கு. சர்வே பார்த்தா மூணுமே வெளியே இழுத்துக் கட்டியிருக்கு. எல்லாம் சர்க்கார் இடம்.”

“அப்போ அந்த இடத்தை எடுத்துக்க வேண்டியதுதானே, சார்?”

“நோட்டீஸ் குடுத்தா கோர்ட்டுக்குப் போவாங்க. வருஷக் கணக்கா இழுக்கும். மரம் கோர்ட்டுக்குப் போகாதும்மா. அதான் மரத்துப் பக்கம் கோடு போட்டோம்.”

வரைபடத்தில் அந்த மூன்று கட்டங்களையும் பார்த்தேன். முதல் கட்டம் என் கடை. இன்ஜினியருக்கு அது தெரியாது. லைன்மேன் அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா?” என்று கேட்டேன்.

“குடுத்தா இன்னைக்கே திருத்தி மேல அனுப்புறேன். யாரும்மா குடுப்பாங்க?”

வெளியே வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“உன் வாய்க்குப் பயந்துக்கினுதான்” என்றார்.

என் கடை முகப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே எட்டுக்கு எட்டு. ஒரு மேஜை, கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி வைத்தால் முடிந்தது. வெளியே தளம் இழுத்து, இரண்டு சிமெண்ட் படி கட்டி, மேலே தகரக் கொட்டகை போட்டு, மெஷினை அங்கே கொண்டுவந்த பிறகுதான் கடை கடையானது. வளையலைக் கழற்றிக் கொடுத்துக் கட்டிய முகப்பு அது. சர்க்கார் இடம் என்று தெரிந்தே கட்டினேன், எல்லோரும் கட்டினார்கள். அதை இழந்தால் வாடிக்கையாளர் வெயிலில் நிற்க வேண்டும். வெயிலில் நிற்கிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மூன்று நாள் எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. அக்காவின் மேல்கூடக் கோபம் வந்தது. விஷயம் தெரிந்தும் அவர் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை என்பதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாலாம் நாள் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரிடமும் பேசினேன். ஒருவர் செல்போன் ரிப்பேர், இன்னொருவர் பேக்கரி. பேக்கரிக்காரர் பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, “நீ மொதல்ல இடி, அப்பால பாக்கலாம்” என்று சிரித்தார். செல்போன்காரரும் கூடச் சிரித்தார். நான் இடிக்க மாட்டேன் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. கடைக்குள் வந்து உட்கார்ந்து டைப் அடித்தேன். ஊராருக்காக எத்தனையோ மனு அடித்திருக்கிறேன், எல்லாவற்றிலும் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று வரும். இதில் கேட்க ஒன்றுமில்லை. என் கடையின் முகப்பை நானே அகற்றிக்கொள்கிறேன், அந்த இடத்தில் ரோடு போட எனக்கு ஆட்சேபணை இல்லை, எதிரே உள்ள மரத்தை வெட்ட வேண்டாம். மூன்றே வரி. கையெழுத்துப் போட்டேன். பிறகு அண்ணன் வீட்டிலிருந்து கடப்பாரை வாங்கிவந்து, காலை பத்து மணிக்கு, ஆபீஸுக்கு வந்த ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, முதல் படியில் போட்டேன்.

சிமெண்ட் லேசில் உடையவில்லை. உள்ளங்கை எரிந்தது. பேக்கரிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். ரோட்டைத் தாண்டி அக்கா நொண்டிக்கொண்டே வந்தார்.

“இன்னா பண்ணிக்கினு கீற?”

“தெரியலியா? இடிச்சிக்கினு கீறேன்.”

“நான் கேக்கலியே.”

“கேட்டிருந்தா இடிச்சிருக்க மாட்டேன்.”

“தள்ளு அப்பால. கடப்பார புடிக்கிற லச்சணத்தப் பாரு” என்று பிடுங்கிக்கொண்டார். முழங்கால் மடங்காமல் நின்றபடியே, மூலையைப் பார்த்து நாலு குத்து. இரண்டாவது படி தனியாகப் பெயர்ந்து வந்தது. களத்திலும் வரப்பிலும் வேலை செய்த கை அது. நான் இரும்புச் சட்டியில் கல்லை அள்ளினேன். மனு கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தகரத்தை இறக்கிக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் என் கடை பல்லெடுத்த வாய் மாதிரி ஆகிவிட்டது.

செல்போன்காரர் அன்று சாயங்காலமே வந்து, தன் பெயரில் ஒரு கடிதம் அடித்துத் தரச் சொன்னார், மறுநாளே தன் முகப்பையும் இடித்தார். பேக்கரிக்காரர்தான் இழுத்தடித்தார். லைன்மேன் அண்ணன் தினமும் அவர் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டு, மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். எங்கள் இரண்டு கடையும் உள்ளே போய்விட்டதால் பேக்கரி மட்டும் ரோட்டில் தனியாக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “பேஜாராப் பூட்ச்சிம்மா உன்னால” என்று என்னைத் திட்டிக்கொண்டே ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டார். மூன்று கடிதங்களையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூளைக்காரர் எடுக்க இருந்த ஏலத்தை நிறுத்தி வைத்தார்கள். மேலே போன வரைபடம் திரும்பி வருகிற வரைக்கும் தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்று கேட்டேன். என்னைக் கண்டால் பியூன் பின்பக்கமாகப் போகிற அளவுக்குக் கேட்டேன்.

புதிய கோடு போட இன்ஜினியர் ஆட்களோடு வந்தது நல்ல வெயில் நேரத்தில். சுண்ணாம்புக் கோடு என் ஷட்டருக்கு ஒரு சாண் தள்ளி ஓடியது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“இது உங்க கடையா? அன்னைக்குச் சொல்லவே இல்லையேம்மா?”

“சொல்லியிருந்தா நீங்க அப்பவே பரிதாபப்பட்டிருப்பீங்க. நானும் அதையே சாக்கா வெச்சுக்கிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன், சார்.”

ஆட்களில் ஒருவர் எதிர்ப்பக்கம் போய் மரத்திலிருந்த வெள்ளை நம்பரைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து அழித்தார். பட்டையில் லேசாக ஒரு வெளுப்பு மட்டும் மிஞ்சியது.

கொட்டகை இல்லாத வாசலில் எனக்குத் தலை சுற்றியது. எதிரேயிருந்து அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டார். “அங்கியே நின்னுக்கினு கீற, மண்ட காயப்போவுது. வா இங்க.” போனேன். அவருடைய பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். தலைக்கு மேலே முழுக்க இலை, காற்று எங்கிருந்தோ வந்தது, கண் தானாக மூடியது. இத்தனை வருடம் கடை வைத்திருந்தும் அந்த மரத்தின் கீழே நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. என் கொட்டகைக்குள்ளேயே இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அக்கா ஒரு சொம்பு கூழ் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு தோளில் தட்டினார்.

“போதும் ஒக்காந்தது, எயுந்துரு. மனு குடுக்க வந்தவங்கோ வெயில்ல நிக்கிறாங்கோ பாரு.”

நான் எழுந்து இடம் விட்டேன்.